தேவசிநேக முயற்சி

அந்த வருஷம் மாசி முடிவதற்குள்ளேயே கருக்கம்பட்டிக் கிணறுகள் அடிப்பாறையைக் காட்டிவிட்டன. சின்னண்ணன் தோட்டத்துக் கிணற்றில் மட்டும் இடுப்பளவு தண்ணீர் கிடந்தது. விடிவெள்ளி மறையும் முன்பே சவரிராயன் அங்கே மாடுகளைக் கவலை ஏற்றத்தில் பூட்டிவிடுவான். தோல்பறி தண்ணீருக்குள் முங்க ஒரு பொழுது, மாடுகள் சரிவில் இறங்கி அதை மேலே இழுக்க ஒரு பொழுது, வாய்க்காலில் கொட்டியதும் மாடுகளைப் பின்னாலேயே மேட்டுக்கு நடத்த ஒரு பொழுது. இப்படி ஒரு நாளைக்கு எத்தனை நடை நடப்பான் என்று அவனுக்கே தெரியாது. கிழக்கே கொல்லிமலை நீலமாக நிற்கும். வெயில் ஏற ஏற மலை மங்கி, பத்து மணிக்கு மேல் அங்கே மலை ஒன்று இருக்கிறது என்பதே மறந்துபோகும்.

ஊருக்குத் தெற்கே, ஓடையைத் தாண்டி, பதினோரு வீடுகள் கொண்ட வேதக்காரத் தெரு. தெருமுனையில் ஓடு வேய்ந்த சின்ன அந்தோணியார் கோயில். மாதத்துக்கு ஒருமுறை தோமினிக் சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் உபதேசியார் உபகாரசாமிதான் எல்லாம். சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்து மந்திரம் சொல்லிக் கொடுப்பார். விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி மூன்றும் தலைகீழாக வந்தால்தான் முதல் நற்கருணையான புதுநன்மை என்று கண்டிப்பு.

சவரிராயனின் மகள் ஜெபமலருக்கு அப்போது ஆறு வயசு. தேவசிநேக முயற்சியில் சர்வேசுரனைப் பார்த்து 'உம்மை நேசிக்கிறேன்' என்று வரும் இடத்தில், 'நேசிக்கறனுங்க' என்பாள். உபதேசியார் குச்சியால் விரல் முட்டியில் தட்டுவார்.

"சாமிகிட்ட அப்படிப் பேசப்படாது. புஸ்தகத்துல இருக்கறாப்பல சொல்லு."

"பெரியவங்ககிட்ட 'ங்க' போடாமப் பேசுனா அம்மா அடிக்குமுங்க."

அவள் அம்மா ஆரோக்கியத்துக்கு முகம் முழுக்க அம்மைத் தழும்பு. சிறுபிள்ளையாக இருந்தபோது போட்டது. அப்பனும் ஆத்தாளும் அதில் போய், இவள் மட்டும் மிஞ்சினாள். அதிகம் பேசமாட்டாள். சின்னண்ணன் வீட்டுக் கட்டுத்தறியைக் கூட்டுவது, சாணி வழிப்பது, காட்டில் களையெடுப்பது அவள் வேலை. அந்த வீட்டுக்குள் அவள் பார்த்ததெல்லாம் கட்டுத்தறியும் கன்றுக்குட்டிக் கொட்டகையும்தான். அதற்கு அப்பால் அவள் கால் பட்டதில்லை.

சின்னண்ணன் மனைவி பொன்னாத்தாள் வாட்டசாட்டமான மனுஷி. காட்டிலும் வீட்டிலும் அவள் குரல்தான் கேட்கும். முந்தின வருஷம் பேரப்பிள்ளையின் வெள்ளி அரைஞாண் காணாமல் போயிற்று. கூட்டிப் பெருக்க வந்தவள் ஆரோக்கியம்தானே என்று, களத்தில் அவளை நிறுத்தி, தலையில் அம்மிக்கல்லைத் தூக்கி வைக்கச் சொன்னாள் பொன்னாத்தாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை. ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். மாடுகளோடு அந்தக் களத்தைக் கடந்துதான் சவரிராயன் போனான், தலையைக் குனிந்துகொண்டு. நாலாம் நாள் கொட்டகைச் சாணிக்குள்ளிருந்து அரைஞாண் கிடைத்தது. கண்டெடுத்துக் கொடுத்ததும் ஆரோக்கியம்தான். பொன்னாத்தாள் அதைக் கழுவி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த மாசியில் அம்மை குத்துகிறவர் வந்து சாவடியில் உட்கார்ந்திருந்தார். மிளகாய்ப் பழம் பறிப்பு உச்சத்தில் இருந்தது.

"புள்ளைங்களைக் கூட்டிப்போயி குத்திக்கிட்டு ஓடியாந்தர்றமுங்க ஆத்தா" என்று ஆரோக்கியமும் இன்னும் இரண்டு பெண்களும் கேட்டார்கள்.

"குத்திக்கிட்டா நாலு நாளைக்குக் காய்ச்ச வரும். புள்ள காய்ச்சலுன்னு நீங்க ஊட்டுல உக்காந்துக்குவீங்க. பழமெல்லாம் செடியிலயே வெம்பிப் போவட்டுமா? மாரியாயி வர்றதுன்னா ஊசி போட்டாப்பல நின்னுக்குவாளாக்கும். போயிப் பறிங்கடி" என்றாள் பொன்னாத்தாள்.

அவள் வீட்டிலும் யாரும் குத்திக்கொள்ளவில்லை. மாரியாயிக்குக் கோபம் வரும் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். பொழுது சாய்ந்து இவர்கள் சாவடிக்குப் போனபோது, குத்துகிறவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

பங்குனியில் பொன்னாத்தாளுக்கே அம்மை போட்டது.

மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் முகத்தில் கொப்புளம். மகன் மயில்சாமி வில்வண்டியைப் பூட்டிப் பெண்டாட்டி பிள்ளைகளை மாமனார் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனான். சின்னண்ணன் வாசலில் வேப்பங்குலை செருகிவிட்டுக் கிணற்று மேட்டுச் சாளைக் குடிசைக்குக் குடிபோனார். பார்த்துக்கொள்ளத் திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து அம்மை கண்ட கிழவி ஒருத்தி வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். பொன்னாத்தாளின் வாய்க்குள்ளும் கொப்புளம் போட்டதைப் பார்த்ததும், இது பிழைக்காது என்று சொல்லி அவளும் போய்விட்டாள்.

ஆரோக்கியம் புல்லுக்கட்டோடு கட்டுத்தறிக்கு வந்தது அன்றைக்கு மத்தியானம். கட்டை இறக்கிவிட்டுத் திரும்பும்போது சத்தம் கேட்டது. முதலில் கன்றுக்குட்டி என்று நினைத்தாள்.

"தண்ணி..."

நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டில் ஒரு குஞ்சு குளுவான் இல்லை.

"ஆராச்சும்... தண்ணி..."

அவள் போய்விடலாம் என்று ஓடைவரை வந்துவிட்டாள். ஓடை மணலில் கால் சுட்டது. அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பினாள். கட்டுத்தறியைத் தாண்டி, தாழ்வாரத்தைத் தாண்டி, இருட்டறைக்குள் போனாள். நாற்றம் முகத்தில் அடித்தது. வாழையிலையில் கிடந்த அந்தப் பெரிய உடம்பில் ஊசி குத்த இடம் இல்லை. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. ஈ மொய்த்தது. மூலையில் மண்குடம், அதில் தண்ணீரும் இருந்தது. கைக்கு எட்டாத தூரம்.

கையில் மொண்டு சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள்.

சாயங்காலம் கிணற்று மேட்டில் சவரிராயன் மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான். இருபதடி தள்ளி நின்றே சொன்னாள்.

"பண்ணாடிச்சி ஊட்டுக்குள்ள போயிட்டேன். ஆருமே இல்ல. தண்ணி குடுத்தேன்."

அவன் கயிற்றைக் கீழே போட்டான். "உனக்குப் புத்தி கித்தி இருக்குதா? அம்மிக்கல்லு மறந்துபோச்சா?"

"மறக்கல."

"பொறவு எதுக்குடி போன?"

"தண்ணின்னு கேட்டாங்க."

"கேட்டா? அவ மவன் எங்க, புருசன் எங்க? அவுங்களுக்கு இல்லாத அக்கற உனக்கு என்ன வந்துது? ஊட்டுல சின்னப் புள்ள இருக்குதுடி. அதுக்குக் குத்தவும் இல்ல."

"நான் ஊட்டுக்கு வல்ல. கோயில் தாவாரத்துல படுத்துக்கறேன். துணிய ஓடை ஊத்துல அலசிக்கறேன். புள்ளைய நீ பாத்துக்க. பத்துப் பதினஞ்சு நாளு. பொழச்சாலும் செத்தாலும் அதுக்குள்ள தெரிஞ்சிரும்."

"அவ செத்தாச் சாவட்டும்."

"சாவட்டும். தண்ணியில்லாமச் சாவ வேண்டாம்."

சாளைக்குள்ளிருந்து சின்னண்ணன் எட்டிப் பார்த்தார். எல்லாம் கேட்டிருந்தார் போலிருக்கிறது. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டே பேசினார்.

"ஏ ஆரோக்கியம், உள்ள போனது போச்சு. நீதான் ஏற்கெனவே பட்டவளாச்சே, உனக்கு ஒண்ணும் வராது. பாத்துக்க. ஆனா அடுப்படிக்குள்ள மட்டும் போவாத சாமி. கொட்டாயில கல்லுக் கூட்டிக்க. புதுச் சட்டி குடுத்துடறேன். அதுல கூழு காச்சிக் குடு."

"சரிங்க பண்ணாடி" என்றாள் ஆரோக்கியம். சவரிராயன் மாடுகளைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனான்.

பன்னிரண்டு நாள். விடிந்ததும் போவாள். வேப்பிலையை அரைத்துத் தடவுவாள். உடம்பை இலையிலிருந்து பெயர்த்துத் திருப்பும்போது தோல் இலையோடு வரும். பொன்னாத்தாள் அலறுவாள். கேப்பைக் கூழை மோரில் கரைத்து, துணித் திரியை அதில் நனைத்து வாயில் பிழிவாள். உப்பில்லை, தாளிப்பில்லை. ஈயை ஓட்ட வேப்பங்குலையை ஆட்டிக்கொண்டே இருப்பாள். கை ஓய்ந்தால் மறு கை.

அன்போடு செய்தாள் என்று சொல்ல முடியாது. சீழைத் துடைக்கும்போது சில வேளை அழுத்தித் துடைத்தாள். அந்த உடம்பு துடிப்பதைப் பார்த்தாள். உடனே பயந்துபோய், மாதாவே என்று கையை இழுத்துக்கொள்வாள். அரை நாழிகை கழித்து மறுபடியும் அப்படியே தோன்றும்.

ஆறாம் நாள் காய்ச்சல் வேகத்தில் பொன்னாத்தாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஆரது?"

"ஆரோக்கியமுங்க."

"திருடி" என்றாள் பொன்னாத்தாள். "உள்ள எதுக்கு வந்த? திருடி முண்ட. அரைஞாணை எடுத்தவதான நீ?"

ஆரோக்கியம் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் கூழ்த் திரியைப் பிழிந்தாள். கூழ் வழிந்து கழுத்தில் இறங்கியது. அதையும் துடைத்தாள்.

எட்டாம் நாள் பெரிய வெள்ளி. கோயிலில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் அவள் ஓடை ஊற்றுக்குப் போய்விட்டு, ஆட்கள் வெளியே வரும் முன் தாழ்வாரத்து மூலையில் ஒதுங்கலாம் என்று வந்தாள். ஊற்றுத் தண்ணீரில் குளித்தாயிற்று. ஆனால் மாற்றுச் சேலை இன்னும் வேலிமேல் காய்ந்துகொண்டிருந்தது. உடம்பில் இருந்தது காலையில் உடுத்திய சேலைதான்.

கோயில் கதவுக்குள்ளிருந்து ஜெபமலர் அவளைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா!"

"வராத. அங்கயே நில்லு. வராத கண்ணு" என்று ஆரோக்கியம் கையை ஆட்டினாள்.

எட்டு நாள் தாயைத் தொடாத பிள்ளை. ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டது. தள்ளிவிட வேண்டும் என்று ஆரோக்கியத்துக்குத் தெரியும். கைகளை மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். பிள்ளை விடவில்லை. தூக்கிய கைகள் மெல்ல இறங்கி அதன் தலைமேல் வந்தன. கொஞ்ச நேரம்தான். பிறகு சவரிராயன் ஓடிவந்து பிள்ளையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனான்.

பன்னிரண்டாம் நாள் பொன்னாத்தாளின் கொப்புளங்கள் வற்றிப் பொருக்குத் தட்டின. காய்ச்சல் இறங்கிவிட்டது. மயில்சாமியின் பெண்டாட்டி ஊரிலிருந்து அம்மை கண்ட தன் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். ஆரோக்கியத்தைக் கட்டுத்தறியோடு நிறுத்தி, "இனி நாங்க பாத்துக்கறோம்" என்றாள். புதுச் சட்டியைத் தூக்கிக் குப்பைமேட்டில் போட்டு உடைத்தார்கள். அறைக்குச் சாணி கரைத்துத் தெளித்தார்கள்.

வெயிலில் காய்ந்த சேலையை உடுத்தி, தலைக்குச் சீயக்காய் போட்டு, ஆரோக்கியம் தன் வீட்டுக்குள் வந்தது அதற்கு மூன்று நாள் கழித்து. ஐந்தாம் நாள் ஜெபமலருக்குக் காய்ச்சல் கண்டது.

நாமக்கல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றான் சவரிராயன். சாலை வரை தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். கொப்புளம் கிளம்பிய பிள்ளை முகத்தைப் பார்த்ததும் பஸ்காரன் ஏற்றமாட்டேன் என்றான். பின்னால் வந்த லாரியும் நிற்கவில்லை. புளியமரத்தடியில் பொழுது சாயும்வரை நின்றுவிட்டுத் திரும்பினான்.

அந்தச் சின்ன உடம்புக்குக் கொப்புளம் தனித்தனியாகப் போடவில்லை. ஒன்றாகச் சேர்ந்து கருத்துவிட்டது. அந்தத் திருச்செங்கோட்டுக் கிழவி இருந்திருந்தால் பார்த்ததும் எழுந்து போயிருப்பாள். ஆரோக்கியத்துக்கு எல்லாம் கைப்பழக்கமாகி இருந்தது. எந்த நேரம் திருப்ப வேண்டும், திரியை எப்படிப் பிழிய வேண்டும் என்று கை தானாகச் செய்தது. ஆறு நாள். ஆறாம் நாள் விடியும்போது பிள்ளை கண்ணைத் திறக்க முடியாமல், "அம்மா, உங்கிட்ட வரலாமா?" என்றது.

"வா சாமி. வா" என்று மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

உச்சிப்பொழுதுக்குள் அடங்கிவிட்டது.

தெருவில் யாரும் கிட்டே வரவில்லை. உபதேசியார் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்று மந்திரம் சொன்னார். சவரிராயன் குழி வெட்டினான். அடியில் ஓடைக்கல். கடப்பாரை பட்டுப் பட்டுத் தெறித்தது. போதும் என்று ஆரோக்கியம் சொன்னாள். அவன் நிறுத்தவில்லை. ஒரு ஆளுக்கு வெட்டும் ஆழம் வெட்டினான். மண்ணைத் தள்ளி முடித்தபிறகுதான் அவளைப் பார்த்தான்.

"அவளுக்குத் தண்ணி குடுத்தியில்ல. இப்பக் குடுடி. உன்ற புள்ளைக்கு ஒரு சொட்டுக் குடு பாக்கலாம்."

அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. மறுநாள் விடியும் முன் கவலை பூட்டப் போய்விட்டான். பண்ணையத்து ஆள், போகாமல் இருக்க முடியாது. தண்ணீர் பாயாவிட்டால் செடி நாலு நாள் தாங்காது.

தோமினிக் சாமியார் வந்தது உயிர்ப்புத் திருநாள் கழிந்து நாலாம் ஞாயிறு. நல்ல மனிதர். மோட்டார் சைக்கிளைவிட்டு இறங்கியதும் உபதேசியார் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். பிரசங்கத்தில் ஆரோக்கியத்தின் பெயரைச் சொல்லாமல், ஆனால் எல்லோரும் அவள் பக்கம் திரும்பிப் பார்க்கும்படியாகச் சொன்னார். தனக்குத் தீங்கு செய்தவளின் புண்ணைக் கழுவிய கைகள் இந்தக் கோயிலில் இருக்கின்றன, சர்வேசுரனுடைய சிநேகம் குடிகொண்ட இருதயம் எப்படி இருக்கும் என்று புஸ்தகத்தில் தேட வேண்டாம் என்றார். ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சவரிராயன் எழுந்து வெளியே போய்விட்டான்.

பூசை முடிந்து சாமியார் கிளம்பும்போது ஆரோக்கியம் தாழ்வாரத்தில் நின்றிருந்தாள்.

"தோஸ்திரம் சாமி. நீங்க சொன்னது அப்படி இல்லீங்க."

"எது அம்மா?"

"என்ற மனசுல சிநேகமெல்லாம் இல்லீங்க சாமி. அந்தம்மா மேல எனக்கு ஒரு சொட்டு இல்ல. சீயைத் தொடைக்கறப்ப நல்லா வலிக்கட்டும்னு தொடச்சிருக்கறேன்."

சாமியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பின்னே ஏன் போனாய்?"

"தண்ணின்னு கேட்டாங்க. அத்தக் கேட்டுட்டுப் போவ முடியலீங்க. வேற ஒண்ணுமில்ல."

"அது போதும் அம்மா. மனசில் என்ன இருந்தது என்று ஆண்டவர் பார்க்கமாட்டார். கை என்ன செய்தது என்று பார்ப்பார்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நமக்காக அவர் தம்முடைய ஒரே மகனையே கொடுத்தாரே."

"அவரு குடுத்தாருங்க சாமி" என்றாள் ஆரோக்கியம். குரலை உயர்த்தவில்லை. "நான் குடுக்கலீங்க. எங்கிட்டருந்து எடுத்துக்கிட்டாங்க. முன்னாலயே கேட்டிருந்தா, நான் குடுத்திருக்க மாட்டேன். அந்தம்மா தண்ணியில்லாமச் செத்திருந்தாலும் சரின்னு ஓடையத் தாண்டி வந்திருப்பேன். இது நெசமுங்க. இத்தச் சொல்லோணும்னுதான் நின்னுட்டிருந்தேன்."

சாமியார் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "தினமும் தேவசிநேக முயற்சி சொல்லிக்கொண்டிரு" என்றார்.

"வாயில வல்லீங்க. சொல்ல ஆரம்பிச்சா புள்ள கொரல்ல வருது. நேசிக்கறனுங்கன்னு."

அவர் அவள் தலையில் சிலுவை வரைந்துவிட்டு வண்டியை உதைத்தார். இரண்டு மூன்று தடவை உதைத்தபிறகுதான் அது கிளம்பியது.

வைகாசி பிறந்ததும் சின்னண்ணன் வீட்டில் மாரியாயிக்குப் பொங்கல் வைக்க நாள் குறித்தார்கள். இரண்டு கிடாய், பம்பை, உறவெல்லாம் வரச் சொல்லி ஆள் போயிற்று. முந்தின நாள் கிணற்று மேட்டில் வேப்பமர நிழலில் நின்று, சின்னண்ணன் சவரிராயனிடம் பேசினார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆறுதலாகவே சொன்னார்.

"மனசப் போட்டு ஒழப்பிக்காத சவரி. ஆயா வந்தா ஒரு உசுரு எடுக்காமப் போவமாட்டா. எங்கூட்டுல எடுக்கத்தான் வந்தா. பாவம், உன்ற ஊட்டுல எடுத்துக்கிட்டா. எல்லாம் அவ சித்தம். நாளைக்குப் பொங்கலுக்கு வந்து நீயும் உம்பொண்டாட்டியும் வாங்கிக்குங்க. கறி எடுத்து வெக்கச் சொல்றேன்."

"சரிங்க பண்ணாடி" என்றான் சவரிராயன்.

பொழுது இறங்கும்வரை கவலை ஓட்டினான். மாடுகள் நுரை தள்ளின. தண்ணீர் போதும் என்று வாய்க்காலில் நின்ற ஆள் கத்தியும் அவன் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்ததும், ஒரு மாதத்துக்குப் பிறகு ஆரோக்கியத்திடம் வாயைத் திறந்தான். சின்னண்ணன் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னான்.

"கேட்டுக்கிட்டியா? உன்ற புள்ளைய மாத்தாக் குடுத்து அவளை வாங்கிட்டு வந்திருக்கற நீயி. கெடா வெட்டறாங்க நாளைக்கி. போயி ஒரு கை வாங்கித் தின்னு."

ஆரோக்கியம் அவனுக்குக் கூழை ஊற்றி வைத்தாள்.

மறுநாள் பம்பைச் சத்தம் மாரியாயி கோயில் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. ஊரே அங்கே இருந்தது. அவள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுச் சின்னண்ணன் வீட்டுக்குப் போனாள். எதற்குப் போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. என் பிள்ளையின் உயிரில்தான் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று முகத்துக்கு நேராக ஒருமுறை சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள்.

பொன்னாத்தாளைப் பின்பக்கத்து வைக்கோல் அறைக்கு மாற்றியிருந்தார்கள். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வாட்டசாட்டமெல்லாம் போய்த் தோள் எலும்பு துருத்தியிருந்தது. முகம் கொத்திப்போட்ட அம்மிபோல் கிடந்தது. ஒரு கண் வெள்ளையாகப் பூத்திருந்தது. இன்னொன்று ஒட்டிச் சுருங்கிவிட்டது.

"ஆரது?"

"ஆரோக்கியமுங்க."

பொன்னாத்தாள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"உன்ற புள்ள போயிருச்சாமா" என்றாள் பொன்னாத்தாள்.

"ஆமாங்க."

"எங்கிட்ட ஆரும் சொல்லல. மருமவ பேசிக்கிட்டிருந்தது காதுல உழுந்துது." கட்டில் சட்டத்தைத் தடவினாள். "எம்பேருலதான் பொங்கலு. என்னையக் கூட்டிப் போவல. கொழந்தைங்க பாத்தாப் பயந்துக்குதாமா. உங்க பண்ணாடி இந்த ரூமுக்குள்ள வந்தே பாக்கல. வாசப்படியில நின்னு இருமிட்டுப் போறாரு."

ஆரோக்கியம் நின்றுகொண்டிருந்தாள். கட்டிலுக்கடியில் தட்டில் களி உருண்டை காய்ந்து வெடித்திருந்தது. எறும்பு சாரை பிடித்திருந்தது.

"அன்னிக்கு ஏண்டி தண்ணி குடுத்த?" என்றாள் பொன்னாத்தாள். "போயிருப்பேன். நல்லபடியாப் போயிருப்பேன். ஊரே அழுதிருக்கும். உன்ற புள்ளையும் இருந்திருக்கும். உன்னைய ஆரு கேட்டா? மூணு நாளா நான் ஒண்ணும் தொடறதில்ல. கொண்டாந்து வெக்கறாங்க. தின்னியான்னு கேக்கறதில்ல. இன்னும் நாலஞ்சு நாளு. போயிருவேன்."

பம்பை வேகமெடுத்தது. குலவைச் சத்தம் கேட்டது. கிடாய் வெட்டிவிட்டார்கள்.

ஆரோக்கியம் சொல்ல வந்த வார்த்தைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. இப்படியே திரும்பிப் போய்விட்டால் போதும். நாலைந்து நாள். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அவள் அறையிலிருந்து நேராக அடுப்படிக்குள் போனாள். அங்கே நேற்றைய சோறும் மோர்ப்பானையும் இருந்தன. சோற்றைப் பிழிந்து, மோர் ஊற்றி, உப்புப் போட்டு, ஒரு சட்டியில் கையாலேயே கூழாகப் பிசைந்தாள். வந்து கட்டிலில் பொன்னாத்தாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"வாயத் தொறங்க."

"வேண்டாம். போ."

"தொறங்க."

"உடுடி. செத்துப்போறேன்."

"சாவறதுக்கு உங்களுக்கு இனிமேப் பாத்தியத கெடையாதுங்க" என்றாள் ஆரோக்கியம். பற்களுக்கு நடுவிலிருந்து வந்தது அந்தக் குரல். "ஒரு புள்ளையக் குழியில வெச்சிட்டு வந்திருக்கறேன். அது சும்மாப் போவ உடமாட்டேன். நீங்க சாவக்கூடாது. என்னைக்கி அந்தச் சாமியே வந்து கூப்புடறாரோ அன்னிக்கிப் போங்க. அதுவரைக்கும் தின்னுதான் ஆவோணும். வாயத் தொறங்கன்னா!"

பொன்னாத்தாள் முகத்தை உதறினாள். ஆரோக்கியத்தின் விரல்கள் குழி விழுந்த கன்னத்தில் அழுந்தின. வாய் திறந்தது. முதல் கவளத்தைத் துப்பினாள். மோர் அவள் மார்பிலும் ஆரோக்கியத்தின் மடியிலும் வழிந்தது. இரண்டாவதைத் திணித்து உதட்டைப் பொத்திப் பிடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. மூன்றாவதுக்குத் தானாகத் திறந்தது. திறந்துகொண்டே பொன்னாத்தாள் அழ ஆரம்பித்தாள். பூத்த கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. ஆரோக்கியம் அதைத் துடைக்கவில்லை. சட்டி காலியாகும்வரை ஊட்டினாள். புரையேறியபோது முதுகில் தட்டினாள். அந்தத் தட்டு அடியா, அணைப்பா என்று பொன்னாத்தாளுக்கும் தெரிந்திருக்காது.

"நாளைக்கி வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சவரிராயன் பொங்கலுக்குப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து, அறுந்த வடக்கயிற்றைப் பிரித்து முறுக்கிக்கொண்டிருந்தான். அவள் சேலையில் காய்ந்திருந்த மோர்க்கறையைப் பார்த்தான்.

"அங்கியா போன?"

"ஆமா."

கயிற்றின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் கோத்துக்கொண்டு இழுத்து முறுக்கினான். மூன்று முறுக்கு, நான்கு முறுக்கு. அவள் உள்ளே போக வழியில்லாமல் நின்றாள். அவன் காலை மடக்கவில்லை.

"குடிச்சாளா?" என்றான்.

"குடிச்சாங்க."

"முழுசுமா?"

"முழுசும்."

அவன் காலை மடக்கிக்கொண்டான். அவள் உள்ளே போனாள். அவன் எழுந்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.